அப்பா கட்டிய கட்டிடம், அண்ணன் வாங்கும் வாடகை: என் பங்கைக் கேட்பது எப்படி?

சிந்தாமணி:
எல்லாருக்கும் வணக்கம். திருச்சி உறையூர்ல அப்பா பேர்ல ஒரு கட்டிடம் இருக்கு. கீழே மூணு கடை, முதல் மாடியில ரெண்டு போர்ஷன். இரண்டாவது மாடி அப்பா போன பிறகு அண்ணன் கட்டினது. அதுல அண்ணன் குடும்பமும் அம்மாவும் இருக்காங்க. இடம் அப்பா சொந்த சம்பாத்தியத்துல வாங்கினது, உயில் எதுவும் எழுதலை. அவர் தவறினது 2016-ல. வாரிசு சான்றிதழ்ல அம்மா, அண்ணன், நான், ஷார்ஜாவுல இருக்கிற தம்பின்னு நாலு பேர். அப்பாவைப் பெத்த பாட்டி அவருக்கு முன்னாடியே போயிட்டாங்க.

வாடகை மொத்தம் மாசம் 78,000 வருது. எல்லாம் அண்ணன் ஜிபேக்குத்தான் போகுது. ஆரம்பத்துல தீபாவளிக்கு ஒரு தொகை அனுப்பிட்டு இருந்தார். கொரோனா சமயத்துல "கடைக்காரங்களே தரலைம்மா"ன்னார். நியாயம்தான், நானும் கேக்கலை. கடையெல்லாம் திறந்து இத்தனை வருஷம் ஆகியும் பணம் மட்டும் வரலை. போன மாசம் வாய் திறந்து கேட்டதுக்கு, "உனக்குப் போட்ட 60 பவுனுக்கு இன்னிக்கு ரேட் போட்டுப் பாரு"ன்னு சொல்லிட்டார். அண்ணி வீட்டு வரி ரசீதை வாட்ஸப்ல போட்டு "யார் பேர்ல இருக்குன்னு நல்லா பாரு"ன்னு எழுதினாங்க. அண்ணன் பேர்லதான் இருக்கு, எப்போ மாத்தினாங்கன்னே தெரியலை.

கேஸ் போடாம முடிக்க வழி இருக்கா? கடைக்காரங்ககிட்ட நேராப் போய் என் பங்கை எனக்கு அனுப்பச் சொல்லலாமா?

குடந்தை_குமாஸ்தா:
தங்கச்சி, வரி ரசீதைப் பார்த்து மிரளாதீங்க. வரி வசூலுக்காக மாநகராட்சி எழுதி வெச்சிருக்கிற பேர், அவ்வளவுதான். வரி ரசீது, கரண்ட் கனெக்‌ஷன், தண்ணி வரி எதுவும் சொத்துரிமை ஆகாது. பட்டாவே தனியா உரிமையைக் கொடுக்காதுன்னு கோர்ட் எத்தனை தடவை சொல்லியாச்சு.

நான் பத்திரம் எழுதியே தலை நரைச்சவன். அதனால முதல் வேலை என்னன்னா, பதிவுத்துறை தளத்துல 2016-லிருந்து இன்னைக்கு வரைக்கும் வில்லங்கம் (சொத்து மேல பதிவான பத்திரங்களோட பட்டியல்) போட்டுப் பாருங்க. வெறும் பார்வைக்குக் காசு கிடையாது. அம்மா தன் பங்கை அண்ணனுக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிட்டாங்களா, வங்கியில அடமானம் இருக்கான்னு அதுலயே தெரிஞ்சிடும். பிறகு தாய்ப்பத்திரத்துக்கு, அதாவது அப்பா இடம் வாங்கின பத்திரத்துக்கு, நகல் மனு போடுங்க. அசல் அண்ணன் பீரோவுல இருந்தா இருந்துட்டுப் போகட்டும்.

வெட்டிப்பேச்சு:
உங்க கல்யாணம் எப்போ நடந்துச்சு? 1989-க்கு முன்னாடின்னா தமிழ்நாட்டுல பொண்ணுக்குப் பங்கு கிடையாதுன்னு சட்டமே இருக்கு.

ஈரோட்டு_வக்கீல்:
மேல இருக்கிற பதில் தப்புங்க. இதை யாரும் நகல் எடுத்து வாட்ஸப்புல சுத்த விடாதீங்க.

1989 மார்ச் 25 என்கிற தேதி பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்துக்கு வந்தது. மாநிலத் திருத்தம் அப்போ ஏற்கெனவே கல்யாணம் ஆன பொண்ணுகளை விட்டுட்டுது. 2005-ல மத்தியத் திருத்தம் வந்து அந்தப் பாகுபாட்டை எடுத்துடுச்சு. 2020 ஆகஸ்டுல வினீதா சர்மா வழக்குல, அப்பா 2005-ல உயிரோட இருந்திருக்கணும்னு கூட அவசியமில்லைன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

அதெல்லாம் இந்தக் கேஸுக்கு வேண்டியதே இல்லைங்க. இது அப்பாவோட சுயசம்பாத்தியம், உயிலும் இல்லை. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் 8-வது பிரிவுப்படி மனைவி, மகன்கள், மகள் எல்லாருக்கும் சம பங்கு. பாட்டி இருந்திருந்தா அவங்களுக்கும் ஒரு பங்கு போயிருக்கும். இப்போ நாலு பேருக்கும் ஆளுக்கு கால் பங்கு. கல்யாணத்துக்குப் போட்ட நகை இந்தக் கணக்குக்குள்ள வராது. "நகைக்குப் பதிலா பங்கை விட்டுட்டேன்"னு நீங்க பதிவு பண்ண விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தா மட்டும்தான் வேற பேச்சு.

சிந்தாமணி:
எதுலயும் கையெழுத்து போடலை சார். வாரிசு சான்றிதழுக்குப் போட்டது மட்டும்தான். வில்லங்கம் பார்த்தேன், 2016-க்குப் பிறகு ஒண்ணும் இல்லை. ஒரு நிம்மதி.

மூத்தவன்:
எல்லாரும் தங்கச்சி பக்கமே பேசுறீங்க. நானும் ஒரு வீட்டுக்கு மூத்தவன்தான், அண்ணன் பக்கத்தையும் கொஞ்சம் சொல்லிடறேன்.

மாசம் 78,000-ன்னு எழுதுறது சுலபம். அதுல ஆறு மாசத்துக்கொரு தடவை சொத்து வரி போகுது. எங்க வீட்டுல மோட்டார் காயில் போனா ராத்திரி பதினோரு மணிக்கு மாடி போர்ஷன்காரன் போன் பண்றது எனக்குத்தான். கடைக்காரன் செப்டிக் டேங்க் மூடி மேல லாரியை ஏத்திட்டான், மூடி உள்ளே போயிடுச்சு. ஞாயித்துக்கிழமை ஆள் பிடிச்சு சரி பண்ணேன். குடியிருக்கிறவன் காலி பண்ணா அட்வான்ஸ் திருப்பிக் கொடுக்கணும், வெள்ளையடிக்கணும், புது ஆள் வர வரைக்கும் போர்ஷன் சும்மா கிடக்கும். பெங்களூர்ல இருக்கிற தங்கச்சிக்கும் துபாய்ல இருக்கிற தம்பிக்கும் இதுல எதுவும் தெரியாது. வாடகை எவ்வளவுன்னு மட்டும் தெரியும்.

அம்மா யார்கிட்ட இருக்காங்க? ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிட்டுப் போறாங்க? அதுக்கெல்லாம் சட்டத்துல பிரிவு இருக்கா வக்கீல் சார்? மூத்தவன் எல்லாத்தையும் சுமப்பான், கடைசியில நோட்டீஸும் அவனுக்குத்தான் வரும்.

சிந்தாமணி:
அண்ணா, நீங்க சொல்றதுல பாதி எங்க வீட்டு நிஜம். அம்மாவுக்கு சர்க்கரை, கண் ஆபரேஷன் எல்லாத்தையும் அண்ணன்தான் பார்த்தார். அந்தச் செலவைக் கழிச்சுக்கிட்டு மீதியைக் கொடுங்கன்னுதான் நானும் சொன்னேன். "கணக்கு கேக்குற அளவுக்கு வந்துட்டியா?"ன்னார். தொகையைவிட அந்த வார்த்தைதான் சுட்டுச்சு.

ஈரோட்டு_வக்கீல்:
மூத்தவன் சாருக்கு: அதுக்கும் வழி இருக்குங்க. வரி, அவசியமான ரிப்பேர், அம்மா பராமரிப்பு எல்லாத்தையும் ரசீதோட காட்டினா கோர்ட் கழிச்சுத்தான் கணக்குப் பார்க்கும். ஆனா கூட்டுச் சொத்துல வாடகை வசூல் பண்றவர் மத்த பங்குதாரர்களுக்குக் கணக்கு சொல்லியே ஆகணும். நோட்டுல எழுதி வெச்சிருந்தா உங்களுக்கே பாதுகாப்பு. நான் பார்த்த வரைக்கும் மூத்தவங்க தோற்கிறது பணத்தை எடுத்ததால இல்லைங்க, எழுதி வைக்காததால.

அண்ணன் குடியிருக்கிற இரண்டாவது மாடிக்கு வாடகை கேக்க நினைக்காதீங்க. பங்குதாரர் ஒருத்தர் தானே குடியிருந்தா, மத்தவங்களை உள்ளே விடாம தடுத்தாலொழிய, பொதுவா வாடகை கொடுக்க வேண்டியதில்லை. அடுத்தவன்கிட்ட வசூல் பண்ற வாடகைதான் பங்குக்கு வரும். அந்த மாடியை அவர் சொந்தக் காசுல கட்டினாரா?

சிந்தாமணி:
அப்படித்தான் சொல்றார். எங்களைக் கேட்கலை, ஆனா கிரகப்பிரவேசத்துக்கு எல்லாரும் போயிருந்தோம்.

ஈரோட்டு_வக்கீல்:
கேட்காம கட்டினதுக்கு "பாதிப் பணம் கொடு"ன்னு அவர் கேக்க முடியாது. ஆனா பாகம் பிரிக்கும்போது நான் கட்டின பகுதியை எனக்கே ஒதுக்குங்கன்னு கேக்கலாம். முடிஞ்சவரைக்கும் கோர்ட்டும் அப்படித்தான் ஒதுக்கப் பார்க்கும். நீங்க கிரகப்பிரவேசத்துல நின்ன போட்டோவை அவர் தரப்பு கட்டாயம் கொண்டு வருங்க.

இப்போ வழக்கைப் பத்தி. கொஞ்சம் நீளமா எழுதறேன்.

நோட்டீஸ் எழுதறப்போ "என்னை வெளியேத்திட்டாங்க", "எனக்கு அனுபவமே இல்லை"ன்னு கோபத்துல எழுதிடாதீங்க. (அனுபவம்னா சொத்து கைவசம் இருக்கிறது.) கோர்ட் கட்டணச் சட்டம் 37-வது பிரிவு இங்கதான் கடிக்கும். நீங்க கூட்டு அனுபவத்துல இருக்கீங்கன்னா சின்னதா ஒரு நிலையான கட்டணத்தோட போயிடும். வெளியேத்தப்பட்டவர்னா உங்க பங்கோட சந்தை மதிப்புல 3 சதவீதம் கட்டணும். 2017-க்கு முன்னாடி இது 7.5 சதவீதம். உங்க கால் பங்கு 60 லட்சம்னு வெச்சுக்கோங்க, 1,80,000 ரூபா ஸ்டாம்புக்கே போயிடும். குடியிருக்கிறவங்க மூலமா அனுபவம் எல்லாப் பங்குதாரருக்கும் சேர்ந்துதான்னு சட்டம் எடுத்துக்கும், அதனால உள்ளதை உள்ளபடி எழுதினாலே போதும்.

இதே விஷயம் இன்னொரு பக்கமும் வெட்டும். கூட்டுச் சொத்துல ஒருத்தர் எத்தனை வருஷம் தனியா வாடகை வாங்கினாலும் அது எல்லாருக்காகவும் வாங்கினதாத்தான் கணக்கு. 12 வருஷம் ஆச்சு, எதிர் அனுபவம் (அடுத்தவர் சொத்தை நீண்ட காலம் கைவசம் வெச்சிருந்து உரிமை கேக்கிறது)னு சும்மா சொல்லிட முடியாது. "உனக்கு உரிமையே இல்லை"ன்னு வெளிப்படையா மறுத்து, அதுக்குப் பிறகு 12 வருஷம் ஓடியிருக்கணும். 1956-லேயே லட்சுமி ரெட்டி வழக்குல உச்ச நீதிமன்றம் அடிச்சுச் சொன்னது. உங்க நோட்டீஸுக்கு அண்ணன் அப்படி ஒரு மறுப்புப் பதில் கொடுத்தார்னா, அந்தத் தேதியைக் குறிச்சு வெச்சுக்கோங்க.

பழைய வாடகை பொதுவா வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய 3 வருஷத்துக்குத்தான் கிடைக்கும். நோட்டீஸ் அனுப்பினதால அந்தக் கெடு நிக்காது. நீங்க யோசிச்சிட்டே இருந்தா ஒவ்வொரு மாசமும் பின்பக்கம் ஒரு மாச வாடகை கழண்டுகிட்டே போகும்.

வழக்குல முதல்ல வர்றது முதல்நிலைத் தீர்ப்பாணை. அதுல ஆளுக்கு எவ்வளவு பங்குன்னு மட்டும் சொல்லுவாங்க. இதை வாங்கி பிரேம் போட்டு மாட்டினவங்க உண்டு! சொத்து கைக்கு வர இறுதித் தீர்ப்பாணை வேணும். அதுக்குக் கோர்ட் அனுப்புற கமிஷனர் வந்து அளந்து, எது யாருக்குன்னு அறிக்கை கொடுக்கணும். முன்னாடி அதுக்குத் தனி மனு போட்டுட்டு வருஷக்கணக்கா காத்திருப்பாங்க. 2022-ல காட்டுக்கண்டி எடத்தில் கிருஷ்ணன் வழக்குல, தனி மனுவுக்குக் காத்திருக்காம விசாரணை நீதிமன்றமே தொடர்ந்து நடத்தணும்னு உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டுது. நடைமுறையில கோர்ட்டுக்குக் கோர்ட் வேகம் மாறும். மேல்முறையீடும் சேர்ந்தா பத்து வருஷம் சாதாரணம்.

மூணு கடை, ரெண்டு போர்ஷன், மேல ஒரு மாடி. இதை நாலா வெட்ட முடியாதுன்னு கமிஷனர் சொன்னா 1893 பாகப்பிரிவினைச் சட்டம் வரும். பாதிக்குக் குறையாத பங்கு உள்ளவங்க கேட்டா கோர்ட் வித்துப் பணமாப் பிரிக்கச் சொல்லலாம். அப்போ மத்தவங்க "விக்காதீங்க, கோர்ட் மதிப்புப் போடட்டும், நாங்களே வாங்கிக்கறோம்"னு முன்வரலாம். உங்க பங்கு கால்தான். தம்பியும் நீங்களும் சேர்ந்தா பாதி. அதனால முதல்ல தம்பிகிட்ட பேசுங்க.

இடைக்காலத்துல வாடகையைக் கோர்ட்டுல கட்டச் சொல்லி மனு போடலாம், ரிசீவர் (சொத்தை நிர்வகிக்க கோர்ட் போடுற ஆள்) கேக்கலாம். ரிசீவர் அவ்வளவு சுலபமாக் கிடைக்காது, ஆனா வாடகையை டெபாசிட் பண்ணச் சொல்ற உத்தரவு கிடைச்சா சமரசம் தானா வேகம் எடுக்கும்.

மேலமாசி_கடைக்காரர்:
வாடகைக்கு இருக்கிறவன் பாட்டையும் கொஞ்சம் கேளுங்கய்யா. மதுரையில எங்க கடைக்கு ஓனர் அண்ணன் தம்பி மூணு பேரு. ஒரே வாரத்துல ரெண்டு பேர்கிட்ட இருந்து ரெண்டு வக்கீல் நோட்டீஸ். "இனி வாடகையை என்கிட்ட கொடு, அவன்கிட்ட கொடுத்தா செல்லாது"ன்னு ரெண்டுலயும் ஒரே வாசகம். யாருக்குக் கொடுத்தாலும் அடுத்தவன் காலி பண்ணச் சொல்லுவான். கடை ஷட்டர்ல ஒருத்தர் ஒரு பூட்டு போட, இன்னொருத்தர் மேல ஒண்ணு போட, நான் ரெண்டு சாவிக்கும் அலைஞ்சேன். நடுவுல சரக்கெல்லாம் உள்ள.

யார்கிட்ட கொடுக்கிறதுன்னு புரியலைன்னா வாடகை அதாரிட்டிகிட்ட டெபாசிட் பண்ணலாம்னு 2017 வாடகைச் சட்டத்துல இருக்காம். அது 2019 பிப்ரவரியிலதான் நடைமுறைக்கு வந்துச்சு. எங்க வக்கீல் அந்த வழியிலதான் கொண்டு போனார். உங்க கடைக்காரங்ககிட்ட நேரா போய் நிக்காதீங்கம்மா. அவங்க பயந்து காலி பண்ணிட்டா மூணு கடையும் சும்மா கிடக்கும், அப்புறம் பங்கு கேக்க வாடகையே இருக்காது.

ஈரோட்டு_வக்கீல்:
கடைக்காரர் சொல்றது சரிங்க. அக்ரிமெண்ட் அண்ணன் பேர்ல இருந்து, நல்லெண்ணத்தோட அவர்கிட்டயே வாடகை கொடுத்துட்டு இருந்தா குடியிருக்கிறவர் மேல தப்பு இல்லை. நீங்க பிடிக்க வேண்டியது வாங்குறவரை. இன்னொண்ணு, ஒரு பங்குதாரர் மட்டும் தனியா வாடகைதாரரைக் காலி பண்ண வழக்குப் போடலாம், மத்தவங்க எதிர்ப்பு சொல்லாத வரைக்கும். அண்ணன் கடைக்காரங்களைக் காலி பண்ண ஆரம்பிச்சா நீங்க சும்மா இருக்காதீங்க.

வெட்டிப்பேச்சு:
எதுக்கு இவ்வளவு தலைவலி? பிரிபடாத பங்கையே வாங்குறவங்க இருக்காங்க. வித்துட்டு நிம்மதியா இருங்க. அண்ணன் பாடு அவங்க பாடு.

குடந்தை_குமாஸ்தா:
அந்த ஆளுங்களை நானும் பார்த்திருக்கேன் தம்பி, ரெஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல கறுப்புக் கண்ணாடியோட நிப்பாங்க. 60 லட்சம் பங்கை 25-க்குக் கேப்பாங்க. பங்கை விக்க உரிமை உண்டு, ஆனா வாங்குறவனுக்கு இருக்கிற தொல்லை எல்லாம் விலையிலதான் இறங்கும். குடும்பம் குடியிருக்கிற வீட்டுல வெளியாள் பங்கு வாங்கினா கூட்டு அனுபவத்துக்கு உள்ளே வர முடியாது, சொத்து மாற்றுச் சட்டம் 44-ல இருக்கு. அவன் பாகம் கேட்டு வழக்குப் போட்டா, குடும்பத்தார் அந்தப் பங்கைக் கோர்ட் மதிப்புல வாங்கிக்கலாம். வாரிசுரிமைச் சட்டம் 22-வது பிரிவுலயும் கூட வாரிசா வந்தவங்களுக்கு முன்னுரிமை இருக்கு. விக்கிறதா இருந்தா அண்ணனுக்கோ தம்பிக்கோ வித்துடுங்க.

ஜெபல்_அலி:
தம்பி ஷார்ஜாவுலன்னு போட்டிருந்தீங்க, அதுக்கு மட்டும் ஒரு வார்த்தை. பவர் (தனக்காகச் செயல்பட இன்னொருத்தருக்குத் தர்ற அதிகாரப் பத்திரம்) கொடுக்கணும்னா அவர் இந்தியத் தூதரகத்துல போய் கையெழுத்துப் போட்டு அட்டஸ்ட் வாங்கணும். பத்திரம் இந்தியாவுக்கு வந்த 3 மாசத்துக்குள்ள முத்திரைக் கட்டணம் கட்டணும். இந்தக் கெடுவை விட்டுட்டு அல்லாடுறவங்க இங்க நிறைய. பவர்ல "விற்க, அடமானம் வைக்க" என்கிற வார்த்தையை எடுக்கச் சொல்லுங்க. வாடகை வசூல், வழக்கு நடத்த, சமரசத்துல கையெழுத்துப் போட, அது போதும். நம்ம ஊர்ல பவர் டிராஃப்ட் கேட்டா பூமியையே வித்துடற மாதிரிதான் அச்சடிச்சு வெச்சிருக்காங்க.

கணக்குப்பிள்ளை:
ஒரு கேள்வி. 78,000-மும் அண்ணன் தன் வருமான வரிக் கணக்குல காட்டுறாரா? பங்கு தெளிவா இருந்தா ஆளாளுக்கு அவங்கவங்க பங்குக்குத்தான் வரி. கணக்குல கால் பங்கு மட்டும் காட்டியிருந்தார்னா மத்த முக்கால் உங்க மூணு பேரோடதுன்னு அவரே ஒத்துக்கிட்ட மாதிரி. முழுசா காட்டி வரி கட்டியிருந்தார்னா, கணக்குப் பார்க்கும்போது அந்த வரியையும் கழிக்கச் சொல்லுவார், தயாரா இருங்க.

சிந்தாமணி:
எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிடறேன்.

தம்பி முதல்ல பட்டும் படாம பேசினான். வக்கீல் சார் சொன்ன அந்தப் பாதிக் கணக்கைச் சொன்னதும் இறங்கி வந்தான். ரெண்டு பேர் பேர்லயும் நோட்டீஸ் போச்சு, திட்டு எதுவும் இல்லாம, கணக்கு மட்டும் கேட்டு. அண்ணன் ரெண்டு வாரம் பேசவே இல்லை. பிறகு சித்தப்பா வீட்டுல உக்காந்தோம். அண்ணன் ஒரு நீளமான அக்கவுண்ட் நோட்டு கொண்டு வந்தார். உண்மையைச் சொல்லணும்னா, எழுதித்தான் வெச்சிருக்கார். மோட்டார், வரி, அம்மா மருந்துன்னு பக்கம் பக்கமா இருந்துச்சு.

ஆனா அந்த நோட்டுலதான் இன்னொண்ணும் கண்ணுல பட்டது. முதல் ரெண்டு கடைக்கும் தலா 22,000. மூணாவது கடைக்கு மட்டும் 9,000. மூணும் ஒரே அளவு, ஒரே ரோட்டைப் பார்த்தது. மூணாவதுல செல்போன் கடை வெச்சிருக்கிறது அண்ணியோட தம்பி. அதைக் கேட்டதும் அண்ணன் நோட்டை மூடிட்டார். சித்தப்பாதான் திரும்பத் திறந்து வெச்சார்.

இப்போதைக்குப் பேசி வெச்சிருக்கிறது: இரண்டாவது மாடி அண்ணனுக்கு. பழைய வாடகையையும் மாடி கட்டின செலவையும் ரெண்டு பக்கமும் கேக்கிறதில்லை. வர்ற மாசத்திலிருந்து வாடகையெல்லாம் ஒரே வங்கிக் கணக்குக்குப் போகும், செலவு போக மீதி நாலு பங்கு. மூணாவது கடைக்கு வாடகையை ஏத்த ஆறு மாசம் டைம் கேக்கிறார். அம்மாவோட பங்கைப் பத்தி யாரும் பேசலை. இதை வெள்ளைப் பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டா போதுமா?

குடந்தை_குமாஸ்தா:
போதாது தங்கச்சி. வாய்ப்பேச்சா முடிஞ்சதை நினைவுக்காக எழுதி வெச்சா பதிவு வேண்டாம்னு சொல்லுவாங்க. ஆனா "இரண்டாவது மாடி அண்ணனுக்கு"ன்னு அந்தக் காகிதமே உரிமை கொடுக்கிற மாதிரி எழுதினா பதிவு பண்ணித்தான் ஆகணும். பாகப்பிரிவினைப் பத்திரமாவே போட்டுடுங்க. குடும்பத்துக்குள்ளன்னா முத்திரைக் கட்டணம் 1 சதவீதம், 2023 ஜூலையிலிருந்து அதிகபட்சம் 40,000, பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. பாகப்பிரிவினைக்கு இது ஒவ்வொரு பங்குக்கும் தனித்தனியா வரும். உங்க சொத்துக்கு இதெல்லாம் பெரிய தொகை இல்லை. தம்பி பவர் வந்து சேரட்டும், அதுக்குப் பிறகு ரெஜிஸ்டர் ஆபீஸுக்கு டோக்கன் போடுங்க.

ஈரோட்டு_வக்கீல்:
மூணாவது கடை வாடகையைப் பத்திரத்துல ஒரு வரியா எழுதிடுங்க, எந்த மாசத்திலிருந்து எவ்வளவுன்னு. ஆறு மாசம்னு வாயால சொன்னது ஆறு வருஷம் ஆகும். கோர்ட்டுக்குப் போயிருந்தாலும் பக்கத்துக் கடை வாடகையை வெச்சுத்தான் வாதாடியிருப்போம்.

அம்மா பங்கைப் பேசாம விட்டது சரியா வராதுங்க. அந்தக் கால் பங்கு முழுக்க அவங்க சொத்து. அவங்க யாருக்கு வேணும்னாலும் உயில் எழுதலாம், எழுதலைன்னா உங்க மூணு பேருக்கும் சமமாப் போகும். பத்திரத்துல அம்மா பங்குக்கு எந்தப் பகுதின்னு குறிச்சு, அதோட வாடகை அவங்க பேர்ல இருக்கிற கணக்குக்கே போகிற மாதிரி எழுதுங்க.

சிந்தாமணி:
அம்மாகிட்ட நேத்து கேட்டேன் சார். "எனக்கு ஒரு கடையைக் குடுங்க, அந்த மூணாவது கடையைக் குடுங்க"ன்னாங்க. அண்ணன் இன்னும் பதில் சொல்லலை.

மூத்தவன்:
அம்மான்னா அம்மாதான். 😄 வாடகை ஏறிடும் பாருங்க.